குளச்சல் தூண் யாருடைய நினைவு?

மணவாளக்குறிச்சியிலிருந்து கடலோரச் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் மண்டைக்காடு வரும். அதைக் கடந்தால் குளச்சல். சில கல் தொலைவே உள்ள இந்தக் கடற்கரையை அயல்நாட்டார் இருமுறை தேடி வந்திருக்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் மிளகுக்காக டச்சுக்காரர் வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோனசைட் மணலுக்காக ஜெர்மானியர் வந்தனர். இரண்டாவது வருகையின் சாட்சியாக மணவாளக்குறிச்சியின் மணல் ஆலை நிற்கிறது. முதலாவதன் சாட்சி, குளச்சலில் கடற்கரைக்கு அருகே நிற்கும் வெற்றித்தூண்.

1741-ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வேணாட்டு அரசர் மார்த்தாண்ட வர்மா இங்கே வென்றதன் நினைவு அது. நூல்கள் பெரும்பாலும் தரும் நாள் ஆகஸ்ட் 10. பழைய நாட்காட்டிக் கணக்கையொட்டி இந்திய ராணுவம் ஜூலை 31 அன்று இத்தூணுக்கு மலர்வளையம் வைக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன் திருவிதாங்கூர் நாயர் படையின் வழிவந்தது. குளச்சல் வெற்றியைத் தன் பரம்பரைப் பெருமையாக அது கொண்டாடுகிறது. ஓர் அரசன் வைத்த போர், அவன் கேள்விப்பட்டிராத ஒரு தேசத்தின் ராணுவத்துக்குப் பரம்பரைச் சொத்தானது எப்படி? போர் நினைவுச் சின்னங்கள் தேசத்தின் நினைவை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற பெரிய கேள்விக்கு, நம் ஊர்க் கடற்கரையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

நடந்தது என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம்.

1729-இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்டு வேணாட்டை வடக்கு நோக்கி விரித்துக்கொண்டிருந்தார். கொல்லம், காயங்குளம், கொட்டாரக்கரை என அவர் கைவைத்த ஒவ்வொரு சிற்றரசும் டச்சுக்காரருக்கு மிளகு தந்துகொண்டிருந்த நாடு. ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாக மதிப்பிழந்தன. இலங்கையின் டச்சு ஆளுநராயிருந்த குஸ்தாஃப் வில்லெம் வான் இம்ஹாஃப் 1739-இல் மலபார்க் கரைக்கு வந்து நிலைமையை ஆராய்ந்தார்; போர்தொடுப்போம் என்று அரசரை மிரட்டினார். அப்படியானால் தம் மீனவரைக் கொண்டு ஐரோப்பாவின்மேல் படையெடுப்பதைத் தாமும் எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கும் என்ற பொருளில் அரசர் பதிலளித்ததாக ஒரு கதை திருவிதாங்கூர் வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உண்மையோ புனைவோ, அந்தப் பதிலில் மீனவர் இடம்பெறுவதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

1741-இன் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கரையோர ஊர்களைப் பிடித்தது. பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. அரசரின் படை அப்போது வடக்கே போர்முனையில் இருந்தது. அது விரைந்து திரும்பியது. டச்சுக்காரர் குளச்சலில் தாங்கள் எழுப்பியிருந்த அரணுக்குள் ஒடுங்கினர். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்ட பிறகு இக்கடலில் கப்பல் கரையணுகுவது எளிதல்ல. முற்றுகை நீண்டது, அரணுக்குள் இருந்த கிடங்கு தீப்பற்றியது, படை சரணடைந்தது. 1878-இல் வெளியான சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறு, சிறைப்பட்ட ஐரோப்பியர் 24 பேர் என்கிறது. அவர்களில் ஒருவர் எஸ்தாக்கியுஸ் டி லனாய்.

கம்பெனி ஏன் பெரும்படையுடன் திரும்பி வரவில்லை என்பதற்கான விடையின் ஒரு பகுதி ஜாவாவில் இருக்கிறது. 1740 அக்டோபரில் பட்டாவியாவில் சீனர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து மூண்ட போர் ஜாவா முழுவதும் பரவியது. கம்பெனியின் ஆளும் பணமும் அங்கே தேவைப்பட்டன. குளச்சலில் அரசர் வென்றார் என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றிக்குப் பருவமழையும் ஜாவாவின் கலகமும் துணைநின்றன என்பதிலும் ஐயமில்லை. தூண் இவற்றைச் சொல்லாது. தூண்களின் இயல்பு அது. நிகழ்ச்சியின் காரணங்களை உதிர்த்துவிட்டு முடிவை மட்டும் நிற்கவைப்பதற்காகவே அவை எழுப்பப்படுகின்றன.

*

குளச்சலைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வதுண்டு: ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய அரசு வென்ற முதல் போர் இது. மேடைகளிலும் பாடநூல் சார்ந்த கட்டுரைகளிலும் இணையப் பக்கங்களிலும் இதைப் பார்க்கிறோம். இவ்வாக்கியம் தவறு.

1521-இல் பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் லாப்பு லாப்புவின் ஆட்கள் மகெல்லனைக் கொன்று அவர் படையை விரட்டினர். 1594-இல் தந்துறையிலும் 1638-இல் கன்னொறுவையிலும் கண்டி அரசு போர்த்துக்கீசியப் படைகளை அழித்தது. இதே டச்சுக் கம்பெனியை, ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் 1662-இல் தைவானை விட்டே வெளியேற்றினார் செங் செங்குங். குளச்சலுக்கு எழுபத்தொன்பது ஆண்டு முந்தைய நிகழ்ச்சி அது.

‘முதல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் குளச்சல் சிறுத்துவிடுமா? இல்லை என்பதே நம் எண்ணம். டச்சுக்காரரின் மலபார்க் கனவு இங்கேதான் முறிந்தது. 1753-இன் மாவேலிக்கரை உடன்படிக்கையில் அவர்கள் உள்நாட்டு அரசுகளின் பூசல்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இந்தியத் தென்முனையின் அரசியல் வரைபடம் மாறியதற்கு இந்தப் போர் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பெருமை போதுமானது. ‘ஆசியாவில் முதல்’ என்ற பட்டம், மக்தானையும் கண்டியையும் தைவானையும் மறந்தால் மட்டுமே கிடைப்பது. தன் நினைவை உயர்த்த அண்டை நாட்டவரின் நினைவை அழிப்பது எந்தத் தேசியத்துக்கும் எளிதாகக் கைவருவது. அதனால்தான் அதில் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

மற்ற இரு இடங்களின் சின்னங்களும் நமக்குச் சில பாடங்களைச் சொல்கின்றன. மக்தானில் ஸ்பானியர் ஆட்சியின்போது, 1866-இல் மகெல்லனுக்கு ஒரு கூம்புத்தூண் எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே வைக்கப்பட்ட கல்வெட்டுகளில் 1941-ஐச் சேர்ந்தது மகெல்லன் இறந்த இடம் என்று தொடங்குகிறது. விடுதலைக்குப் பின் 1951-இல் எழுதப்பட்டது, லாப்பு லாப்பு படையெடுத்து வந்தவரை முறியடித்த இடம் என்று தொடங்குகிறது. போர் ஒன்று, மணல் ஒன்று. எழுவாய் மட்டும் இடம்மாறிவிட்டது.

தைவானின் தைனான் நகரில் செங் செங்குங்குக்கு உள்ள கோயிலின் கதை இன்னும் விரிவானது. அவர் எதிர்த்துப் போரிட்ட சிங் பேரரசே 1870-களில் அவருக்கு அரசுக் கோயில் கட்டியது. மன்னனிடம் மாறாத விசுவாசம் என்ற குணம் தன் அதிகாரிகளுக்குப் பாடமாகட்டும் என்பது அதன் நோக்கம். 1895-இல் தீவைப் பிடித்த ஜப்பானியர், அவர் தாய் ஜப்பானியப் பெண் என்பதைக் காட்டி அதே கோயிலை ஷிண்டோ ஆலயமாக்கினர். 1960-களில் சியாங் கை ஷேக்கின் அரசு அதை இடித்து வடசீனப் பாணியில் மீண்டும் கட்டியது. தைவானில் தங்கிப் பெருநிலத்தை மீட்கக் காத்திருந்தவர் என்ற முறையில் அவ்வரசுக்கும் அவர் முன்னோடியானார். ஓர் இறந்த வீரனை மூன்று அரசுகள் மூன்று தேசங்களுக்கு உரியவனாக்கின. இறந்தவர்கள் மறுப்புச் சொல்வதில்லை.

*

குளச்சல் தூணும் இவ்வாறே, இருந்த இடத்தைவிட்டு அசையாமல், நாடு மாறியிருக்கிறது. முதலில் அது திருவிதாங்கூர் அரசகுலத்தின் வெற்றிச் சின்னம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா தம் அரசை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, இறைவனின் அடியாராக ஆண்டார். அன்றைய கணக்கில் குளச்சல் வெற்றி கடவுளின் நாட்டுக்கு உரியது. பின்னர் கேரள வரலாற்றெழுத்து அதைக் கேரளத்தின் வெற்றியாக எழுதியது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது தூண் நின்ற மண் தமிழ்நாடாயிற்று. இன்று ராணுவ வாத்திய இசையோடு அது இந்தியாவின் வெற்றி.

எல்லைக்கோடு மாறியபோது நினைவுச் சின்னங்களும் சிதறின. பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. ஆனால் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. டி லனாய் அரசர்முன் சரணடையும் காட்சியைக் காட்டும் ஓவியம் அவ்வரண்மனையில் இருக்கிறது. போர் நடந்த களம் ஒரு மாநிலத்தின் பொறுப்பில், போரின் படம் மற்றொரு மாநிலத்தின் பொறுப்பில். இரண்டுக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

சரணடைந்த டி லனாயின் பிற்கால வாழ்க்கை, ‘அந்நியனை வென்றோம்’ என்ற எளிய கதைக்குள் அடங்குவதில்லை. அவர் அரசரின் பணியில் சேர்ந்தார்; படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார்; உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் திருத்தி அமைத்தார்; ‘வலிய கப்பித்தான்’ ஆனார். அவருடைய மகன் திருவிதாங்கூருக்காகக் களக்காட்டுப் போரில் உயிரிழந்தான். 1777-இல் இறந்த டி லனாய், புலியூர்க்குறிச்சிக்கு அருகே உதயகிரிக் கோட்டைக்குள், இப்போது கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். கல்லறைமேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் உள்ளன. திருவிதாங்கூரின் தலைமைத் தளபதிக்கு, அந்நாட்டின் கோட்டைக்குள், கல்லறை வாசகம் தமிழில் இருக்கிறது. பிற்காலத்தில் மொழியை வைத்து இம்மண்ணில் நடந்த வழக்குகள் அனைத்தையும் அறிந்த நாம், அக்கல்லின் முன் சற்று நின்று யோசிக்கலாம்.

டி லனாயின் நட்பால் கிறித்தவரான நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்ற பெயர் பெற்று, 1752-இல் அதே மார்த்தாண்ட வர்மாவின் அரசால் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். குளச்சல் தூண் போற்றும் அரசை, காற்றாடிமலை குற்றஞ்சாட்டுகிறது. ஒரே மாவட்டத்தில், பதினோரு ஆண்டு இடைவெளியில் பிறந்த இரு நினைவுகள் இவை. இரண்டையும் ஒருசேர மனத்தில் கொள்ளாதவர் இந்நிலத்தின் வரலாற்றைப் பாதிதான் அறிவார்.

*

தூணில் யாருடைய பெயர் இல்லை என்று கேட்பதும் நம் கடமை. நம் பழைய மரபு இவ்விஷயத்தில் வேறாக இருந்தது. நடுகல் என்பது ஊருக்காக, பெரும்பாலும் ஊரின் ஆநிரைக்காக இறந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. கல்லைக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகள் வகுத்தது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் அப்படிகளின் பெயரையே காதைகளுக்குத் தலைப்பாகக் கொண்டது. செங்கத்து நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு இருக்கும். ஆனால் கல் அரசனுக்கு உரியதன்று, இறந்த வீரனுக்கு உரியது. வெற்றித்தூண் வேறு இனம். அது வென்றவனைச் சொல்லும், இறந்தவனைச் சொல்லாது.

குளச்சலில் இறந்த நாயர் வீரர்கள் எத்தனை பேர்? டச்சுப் படையோடு வந்த, ஐரோப்பியர் அல்லாத சிப்பாய்கள் என்னவாயினர்? அரணுக்குப் பக்கத்தில் குடியிருந்த மீனவர் எதை இழந்தனர்? தூணுக்குத் தெரியாது. ஆனால் கடற்கரைக்குத் தன் நினைவு உண்டு. முக்குவர் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, கடலிலிருந்து பார்ப்பவர்க்குத் துப்பாக்கிப் படைபோலத் தோன்றினர் என்றும், பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினர் என்றும் செவிவழிக் கதைகள் சொல்கின்றன. ஆவணச் சான்று தேடுவோர் இவற்றை ஒதுக்கலாம். நமக்கு அக்கதைகளின் உள்ளிருக்கும் உரிமைக் குரல் முக்கியம்: ‘நாங்களும் அங்கே இருந்தோம்’ என்கிறது அது. இப்போரில் தம் முன்னோரின் பங்கைக் கோரும் சமூகங்கள் இன்று ஒன்றுக்கு மேற்பட்டவை. தூண் பெயர் சொல்லாமல் விட்ட வெற்றிடத்தில்தான் அக்கோரிக்கைகள் முளைக்கின்றன.

இதில் வெறும் பெருமை மட்டும் பணயமாக இல்லை. குளச்சலில் வென்ற அரசு, அடுத்த நூறாண்டில் தன் குடிகளில் பெரும்பகுதியினரிடம் தலைவரி வாங்கியது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணிவதைத் தடுத்தது. தோள்சீலைப் போராட்டம் நடந்ததும் இதே கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில்தான்; 1859 ஜூலை 26-இன் அரச ஆணை வரை அது நீடித்தது. அந்தப் பெண்களின் பேத்திகள் குளச்சல் தூணைப் பார்த்து ‘நம் வெற்றி’ என்று சொல்லவேண்டுமெனில், அந்த ‘நம்’ எப்போது அவர்களையும் சேர்த்துக்கொண்டது என்பதையும் யாராவது சொல்லவேண்டும்.

அதைச் சொல்ல முயலும் கல் ஒன்று புதுக்கடையில் இருக்கிறது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ் வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரிய போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீசார் சுட்டதில் பலர் மாண்டனர். அப்போதைய முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை பதவி விலகவேண்டும் என்று அவர் கட்சியின் பொதுச் செயலாளராயிருந்த ராம் மனோகர் லோகியாவே கோரினார். மாண்டவர்களுக்குப் புதுக்கடையில் தியாகிகள் ஸ்தூபி எழுந்தது. இயக்கத்தை நடத்திய நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் உள்ளது. நாட்காட்டியில் குளச்சல் நாளுக்கு மறுநாள் புதுக்கடை நாள். முதலாவது திருவிதாங்கூர் பிறந்ததைக் கொண்டாடுகிறது. இரண்டாவது அதிலிருந்து பிரிந்ததற்காகச் சிந்திய குருதியை நினைக்கிறது. இரண்டு நாள்களுக்கும் மரியாதை செலுத்தவேண்டிய நிலையிலுள்ள மாவட்டம் நம்முடையது.

*

பெரிய தலைநகரங்களிலும் இதே இழுபறிதான். தில்லியின் இந்தியா கேட், பிரிட்டிஷ் பேரரசுக்காக முதல் உலகப் போர் முதலியவற்றில் மாண்ட இந்தியருக்காக 1931-இல் திறக்கப்பட்டது. வங்கதேசப் போருக்குப் பின் 1972 ஜனவரி 26 முதல் அமர் ஜவான் ஜோதி அதன் கீழே எரிந்தது. பேரரசின் வளைவுக்குக் கீழே குடியரசின் தீ. ஐம்பது ஆண்டுகள் அந்த முரண்பாடு யாரையும் உறுத்தவில்லை. 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் தனியே திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. 2022 ஜனவரி 21 அன்று பழைய தீ புதியதோடு சேர்க்கப்பட்டது. பேரரசுக்காக இறந்தவர்கள் நம்மவரா என்ற கேள்வி அன்று மீண்டும் எழுந்தது. ஊர்ஊராக அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும்வரை அது தீராது. தோக்கியோவின் யசுகுனி ஆலயத்தில் 1978-இல் போர்க் குற்றவாளிகள் பதினால்வர் சேர்க்கப்பட்டதிலிருந்து, அங்கே ஒரு ஜப்பானிய அமைச்சர் தலைவணங்கினால் சியோலிலும் பெய்ஜிங்கிலும் கண்டன அறிக்கை வெளிவருகிறது.

ஈழத்தில் நிலைமை இதைவிடக் கொடியது. வென்ற அரசு புதுக்குடியிருப்பில் வெற்றிச் சின்னம் எழுப்பியது. தோற்றவர்களின் துயிலும் இல்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. மாணவர் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு மீண்டும் எழுந்தது. புதைத்த இடத்தில் விளக்கேற்ற முடியாத தாய்க்கு, வெற்றிச் சின்னம் ஒவ்வொன்றும் அந்த நாட்டில் தனக்கு இடமில்லை என்ற அறிவிப்பாகவே தோன்றும். தேச அடையாளத்தை நினைவுச் சின்னம் உருவாக்குகிறது என்றால், யாரை வெளியே நிறுத்த வேண்டும் என்பதையும் அதுவே உருவாக்குகிறது.

குளச்சலுக்கு அத்தகைய கொடுமை இல்லை. இங்கே தோற்றவர்கள் தொலைதேசத்தார். அவர்களில் ஒருவர் நம் மண்ணிலேயே உறங்குகிறார். ஆகவே இத்தூணை அச்சமின்றித் திறந்து படிக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. அதைப் பயன்படுத்துவது எளிது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தூணோடு திரும்பாமல், பத்மநாபபுரத்து ஓவியத்தையும் உதயகிரியின் தமிழ்க் கல்லறை வாசகத்தையும் காற்றாடிமலையையும் புதுக்கடை ஸ்தூபியையும் ஒரே நாளில் காட்டலாம். எல்லாம் ஒரு மாவட்டத்துக்குள் இருப்பவை. தூணருகே வைக்கும் தகவல் பலகையில், ‘ஆசியாவில் முதல்’ என்ற சொற்களுக்குப் பதிலாக, பருவமழையையும் ஜாவாவையும் கடற்கரை மக்களின் துடுப்புக் கதையையும் எழுதலாம்.

அதே குளச்சலிலும் பக்கத்துக் கொட்டில்பாட்டிலும் 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில் மாண்டு, ஒன்றாகப் புதைக்கப்பட்டவர்களின் நினைவிடங்கள் உள்ளன. ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் மெழுகுதிரி ஏற்றி, மலர்தூவி, பெயர்சொல்லி அழுகின்றனர். அங்கே ராணுவ அணிவகுப்பு இல்லை. வருபவர்களுக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்புவதுமில்லை. நடுகல்லின் மரபு இக்கடற்கரையில் இன்னும் உயிரோடிருப்பது அங்கேதான். 1741-இல் இம்மணலில் விழுந்தவர்களுக்கும் அத்தகைய ஒரு நாள் எப்போதோ இருந்திருக்கும்.